மிஸ்ஸிங்: கொங்கு வட்டாரத்தில் மோட்டார் பழுதறிதலின் வரலாறு

மிஸ்ஸிங் என்பது வேகமெடுக்கும்போது வண்டி உதறுவதற்குத் தமிழ்நாட்டு மோட்டார் பட்டறைகளில் வழங்கும் பெயர். எஞ்சினின் சிலிண்டர்களில் ஒன்று தன் முறை வரும்போது எரியாமல் தவறிவிடுவதைச் சுட்டும் ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. நாளடைவில், எரிதலுக்குத் தொடர்பில்லாத குலுக்கலையும் வண்டிக்காரர்கள் மிஸ்ஸிங் என்றே சொல்லத் தொடங்கினர். பட்டறையில் பழுதறிதலின் முதல் வேலை, வாடிக்கையாளர் சொல்லும் மிஸ்ஸிங் உண்மையில் மிஸ்ஸிங்தானா என்று தெரிந்துகொள்வதாகவே இருந்து வருகிறது.

கோவை, சூலூர், பல்லடம், திருப்பூர், அவினாசி, பொள்ளாச்சி ஆகிய ஊர்களை இணைக்கும் சாலைகளில் 1920கள் முதல் பேருந்துகள் பெருகின. வண்டிகள் வெளிநாட்டிலிருந்து வந்தன. அவற்றைச் செய்தவர்கள் கடல் கடந்து இருந்தார்கள். நடுவழியில் உதறி நின்ற வண்டியைச் சரிசெய்யும் பொறுப்பு ஓட்டுநர், கிளீனர், பட்டறைக்காரர் ஆகியோர் மேல் விழுந்தது. இவ்வட்டாரத்தின் இயந்திரத் தொழில் வளர்ச்சியில் இந்தக் கட்டாயத்துக்கு ஒரு பங்கு உண்டு.

உதறலின் வகைகள்

வேகமெடுக்கும்போது வரும் உதறலுக்கு மூன்று பெரிய பிறப்பிடங்கள் உண்டு: எரிதல், எரிபொருள் வரத்து, எஞ்சினிலிருந்து சக்கரம் வரை செல்லும் சுழற்சிப் பாதை.

நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றும்போது நொடிக்கு 100 முறை எரிகிறது. ஒரு சிலிண்டர் செத்தால் நொடிக்கு 25 அடிகள் விடுபடும். இருக்கையிலும் ஸ்டியரிங்கிலும் உணரப்படும் கரடுமுரடான அதிர்வு இதுதான். சக்கரத்தின் சமநிலைக் குறைவு வேறு மாதிரி. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு காரின் சக்கரம் நொடிக்கு ஏறக்குறைய ஒன்பது முறை மட்டுமே சுற்றுகிறது. ஆகவே அந்த அதிர்வு மெதுவானது. ஆக்சிலரேட்டரை விட்டாலும் நீடிப்பது. வேகம் குறைந்தால்தான் அடங்கும். எரிதல் பழுதோ காலை எடுத்த மறுகணம் மறைந்துவிடும். அனுபவமுள்ள மெக்கானிக் வண்டியை ஓட்டிப் பார்க்கும்போது அடிக்கடி காலை எடுத்து எடுத்து வைப்பது இதற்காகத்தான்.

முதல் கியரில் வண்டியை நகர்த்தும்போது மட்டும் வரும் உதறல் பெரும்பாலும் கிளட்சுடையது. கிளட்ச் பிளேட்டில் எண்ணெய் படிந்திருக்கலாம், பிளைவீல் சூட்டில் கன்றியிருக்கலாம், எஞ்சின் மவுண்டிங் ரப்பர் தளர்ந்திருக்கலாம். பின்சக்கர இழுவை வண்டிகளில் புரொப்பெல்லர் ஷாஃப்டின் யுனிவர்சல் ஜாயின்ட் தேய்ந்தால், கிளம்பும்போது ஓர் அடியும் வேகத்தில் ஓர் அதிர்வும் வரும். முன்சக்கர இழுவைக் கார்களில் ஆக்சிலின் உள்பக்க ஜாயின்ட் தேய்ந்தால் அழுத்தி ஓட்டும்போது வண்டி இடவலமாக ஆடும். காலை எடுத்தால் நிற்கும். காலை எடுத்ததும் நிற்பதால் இதை எரிதல் பழுது என்று தவறாகக் கருதி பிளக், காயில் எல்லாவற்றையும் மாற்றிப் பணத்தை விட்டவர்கள் பலர்.

சுமை ஏறும்போது மட்டும் எரிதல் தவறுவது ஏன் என்பது நெடுநாள் புதிராகத் தோன்றிய ஒன்று. நின்ற இடத்தில் எஞ்சின் சீராக ஓடும். மேட்டில் ஏற்றினால் உதறும். ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது சிலிண்டருக்குள் அதிகக் காற்றும் எரிபொருளும் புகுந்து அழுத்தம் கூடுகிறது. அழுத்தம் கூடிய வாயுவில் பிளக்கின் இடைவெளியைத் தாண்ட மின்பொறிக்கு அதிக மின்னழுத்தம் வேண்டும். காயில் நலிந்திருந்தாலோ, பிளக் இடைவெளி தேய்ந்து அகன்றிருந்தாலோ, வயரின் உறை வெடித்திருந்தாலோ பொறி அங்கே பாய்வதற்குப் பதில் எளிதான வேறு வழியைத் தேடிக்கொள்ளும். இதனால் பட்டறை வாசலில் வண்டியை நிறுத்தி எஞ்சினை உறுமவிட்டுப் பார்ப்பது அரைச் சோதனைதான். டாப் கியரில் மேடு ஏற்றிப் பார்ப்பதே முழுச் சோதனை.

ஜி.டி. நாயுடுவும் யு.எம்.எஸ்ஸும்

கொங்கு வட்டாரத்தில் மோட்டார் பழுதறிதலின் வரலாறு ஜி.டி. நாயுடுவிடமிருந்து தொடங்குகிறது என்று சொல்வது மிகையல்ல. கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893 மார்ச் 23 அன்று சூலூருக்கு அருகிலுள்ள கலங்கல் கிராமத்தில் பிறந்தார். பள்ளிப் படிப்பில் நிலைக்கவில்லை. ஆங்கிலேய வருவாய்த்துறை அதிகாரி ஒருவர் ரட்ஜ் மோட்டார் சைக்கிளில் வந்ததைக் கண்டு அந்த இயந்திரத்தின் மேல் ஆசை கொண்டதாகவும், கோவையில் ஓர் உணவகத்தில் பரிமாறும் வேலை செய்து மூன்றாண்டுகள் பணம் சேர்த்து 300 ரூபாய்க்கு ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கியதாகவும் அவருடைய வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. வாங்கியதும் ஓட்டியதைவிட அதை முழுக்கப் பிரித்து மீண்டும் பூட்டியதுதான் அவருக்கு முக்கியமாக இருந்தது.

அக்காலத்து மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலும் பேட்டரி கிடையாது. மேக்னெட்டோ என்னும் காந்த மின்னாக்கி பொறியைத் தந்தது. ஜெர்மனியில் ராபர்ட் பாஷ் நிறுவனத்தில் காட்லாப் ஹோனால்ட் 1902ல் உயர் அழுத்த மேக்னெட்டோவை உருவாக்கியிருந்தார். அதைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவர்கள் அன்று கோவை மாவட்டத்தில் மிகச் சிலராகவே இருந்திருப்பார்கள். நாயுடு எவரிடமும் பயிலாமல் அதைக் கற்றார்.

மோட்டார் தொழிலுக்கு வருமுன் நாயுடுவுக்குத் திருப்பூரில் ஒரு பருவம் உண்டு. அங்கே பருத்தி அரைவைத் தொழிலில் இறங்கிய அவர் முதல் உலகப் போர்க் காலத்தில் பெரும் லாபம் ஈட்டினார். அந்தப் பணத்துடன் பம்பாய் சென்று பருத்தி வணிகத்தில் ஈடுபட்டு இழந்து திரும்பினார். அதன் பிறகே கோவையில் சர் ராபர்ட் ஸ்டேன்ஸின் ஆதரவு கிடைத்தது. 1920ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரு பேருந்தை விட்டார். தொடக்கத்தில் ஓட்டுநரும் அவரே. திருப்பூர்ப் பஞ்சு அவரை ஏமாற்றியிராவிட்டால் கோவைக்கு ஒரு ஜின்னிங் முதலாளி கிடைத்திருப்பார், அவ்வளவுதான்.

அந்த ஒற்றைப் பேருந்து யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் ஆனது. மக்கள் யு.எம்.எஸ். என்றனர். 1930களின் தொடக்கத்தில் அதனிடம் 280 பேருந்துகள் இருந்ததாகக் குறிப்புகள் உள்ளன. ஒரு பேருந்து வைத்திருப்பவருக்குப் பழுது ஒரு விபத்து. 280 பேருந்து வைத்திருப்பவருக்கு அது அன்றாடக் கணக்கு. எந்த வண்டி எங்கே நின்றது, எந்த உறுப்பு எத்தனை மைலில் தேய்ந்தது என்பதைக் கவனித்தால்தான் நேரத்துக்கு வண்டி விட முடியும். யு.எம்.எஸ். நேரம் தவறாமைக்குப் பெயர் பெற்றது. அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்தது நிறுவனத்தின் சொந்தப் பட்டறை. ரேடியேட்டர், டயர், எஞ்சின் என வண்டியின் ஒவ்வொரு பகுதியிலும் வந்த தொல்லைகளே நாயுடுவின் ஆய்வுகளுக்குக் காரணமாயின.

சுற்றுவட்டாரத்தில் வேறு பேருந்து நிறுவனங்களும் தோன்றின. பொள்ளாச்சியில் பி. நாச்சிமுத்துக் கவுண்டரின் ஆனைமலைஸ் பஸ் டிரான்ஸ்போர்ட் 1930களில் வளர்ந்தது. கோவையில் எல்.ஜி. பாலகிருஷ்ணன் சகோதரர்களின் நிறுவனம் 1937ல் போக்குவரத்துத் தொழிலாகத் தொடங்கிப் பின்னர் சங்கிலி உற்பத்திக்குச் சென்றது. வண்டி ஓட்டியவர்கள் பட்டறை வைத்தார்கள். பட்டறை வைத்தவர்கள் உறுப்பு செய்தார்கள். கோவையின் வாகன உதிரிப்பாகத் தொழிலில் இந்த வரிசையைப் பல நிறுவனங்களிடம் காணலாம்.

இதற்கு இரண்டு துணைகள் கிடைத்தன. 1926ல் பீளமேட்டில் பி.எஸ்.ஜி. அறநிலையம் தொழிற்கூடத்தை நிறுவியது. 1932ல் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. மின்சாரம் வந்ததும் நூற்பாலைகள் பெருகின என்பது பலமுறை எழுதப்பட்டது. அதே மின்சாரத்தில் சிறு பட்டறைக்காரரும் ஒரு லேத்தை ஓட்ட முடிந்தது என்பது அவ்வளவாக எழுதப்படவில்லை. தேய்ந்த புஷ்ஷை இங்கிலாந்திலிருந்து வரவழைக்காமல் உள்ளூரில் கடைந்துகொள்ளும் நிலை அதனால் உருவானது. 1937ல் நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் பீளமேட்டில் நேஷனல் எலெக்ட்ரிக் ஒர்க்ஸ் வழியாக உள்நாட்டு மின்மோட்டாரை உருவாக்கினர்.

1945ல் நாயுடுவின் முயற்சியாலும் கொடையாலும் ஆர்தர் ஹோப் பெயரில் கோவையில் தொழில்நுட்பக் கல்லூரி தொடங்கப்பட்டது. அவரே முதல்வராகவும் இருந்தார். நான்காண்டுப் பொறியியல் படிப்பு கால விரயம் என்பது அவர் கருத்து. இயந்திரத்தைப் பிரித்துப் பூட்டத் தெரிந்துகொள்ள அத்தனை காலம் வேண்டாம் என்றார். அரசு ஏற்கவில்லை, அவர் விலகினார். அந்தக் கல்லூரியே இன்றைய கோவை அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி. அது இடம் மாறிப் பல பத்தாண்டுகளான பின்னும் பீளமேட்டில் ஹோப் காலேஜ் என்ற பேருந்து நிறுத்தம் மட்டும் நிலைத்திருக்கிறது. நாயுடுவின் வாதத்தில் பாதி உண்மை இருந்தது. பிரித்துப் பூட்டுவதற்கு நான்காண்டு தேவையில்லை. எதைப் பிரிக்க வேண்டாம் என்று தெரிந்துகொள்வதற்கு அதைவிட அதிக காலம் ஆகலாம்.

கரி வண்டிக் காலம்

இரண்டாம் உலகப் போரின்போது 1941ல் இந்தியாவில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. 1942ல் பர்மா ஜப்பானியர் வசமானதும் பர்மா எண்ணெயும் நின்றது. பேருந்துகளை ஓட்ட ஒரே வழி கரிவாயுக் கலம். வண்டியின் பின்புறத்தில் உயரமான இரும்புக் கலத்தைப் பொருத்தி, அதில் விறகுக் கரியைக் குறைந்த காற்றில் எரித்து, கிடைக்கும் வாயுவை எஞ்சினுக்கு அனுப்பினர். மதுரையில் டி.வி.எஸ். நிறுவனம் இத்தகைய கலங்களைத் தயாரித்தது. மக்கள் வாயில் இது கரி வண்டி, கரி பஸ் ஆனது.

பழுதறிதலின் வரலாற்றில் கரி வண்டி தனி அத்தியாயம். ஏனெனில் கரி வண்டிக்கு உதறல் பழுதல்ல, இயல்பு. கரிவாயுவில் பாதிக்கு மேல் எரியாத நைட்ரஜன். எரியும் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் மீதியில் அடக்கம். பெட்ரோலில் கிடைத்த ஆற்றலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. மேடு வந்தால் பயணிகள் இறங்கி நடந்தனர். சில சமயம் தள்ளினர். விடியற்காலையில் கிளீனர் கையால் ஊதுவிசிறியைச் சுற்றித் தீ மூட்ட வேண்டும். கலம் சூடாகி வாயு வரும்வரை வண்டி கிளம்பாது.

சாம்பலும் தாரும் ஈரமும் வடிகட்டியைத் தாண்டி உள்ளே போயின. வால்வு ஒட்டிக்கொண்டது, பிளக் கருகியது, சிலிண்டர் தேய்ந்தது. கரி ஈரமாக இருந்தால் ஒரு விதம், தூளாக இருந்தால் ஒரு விதம், கலத்தின் மூடியில் காற்று கசிந்தால் இன்னொரு விதம் என உதறலைப் பிரித்தறிய ஓட்டுநர்கள் கற்றார்கள். எரிபொருளின் தரமும் காற்றின் அளவும் எஞ்சினை எப்படி ஆட்டும் என்பதை ஒரு தலைமுறை முழுவதும் கைகருகக் கற்ற காலம் அது. கார்பன் மோனாக்சைடு நச்சு என்பதால் மூடிய கொட்டகையில் கலத்தை மூட்டுவது உயிருக்கே ஆபத்தாகவும் இருந்தது.

அம்பாசிடரும் சாலையோரப் பட்டறையும்

விடுதலைக்குப் பின் இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் கார் வகைகள் சுருங்கின. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸின் அம்பாசிடர் 1957ல் வந்து 2014 வரை தயாரிக்கப்பட்டது. பம்பாயின் பிரீமியர், சென்னை வண்டலூரின் ஸ்டாண்டர்டு ஆகியவை மற்ற இரண்டு. 1952ல் நாயுடு 2,000 ரூபாய் விலையில் ஒரு சிறு காரை வடிவமைத்தார். அரசின் உரிமம் கிடைக்காமல் அது சந்தைக்கு வரவில்லை.

வகைகள் குறைந்தது வாங்குபவருக்கு இழப்பு, பட்டறைக்கு ஆதாயம். அம்பாசிடரின் எஞ்சினை அறிந்த ஒருவர் அடுத்த முப்பதாண்டுகளுக்குப் புதிதாக எதையும் கற்காமல் பிழைக்க முடிந்தது. 1951ல் தொடங்கிய மைக்கோவின் பிளக்கும், 1961ல் சென்னை பாடியில் தொடங்கிய லூகாஸ் டி.வி.எஸ்ஸின் டிஸ்டிரிபியூட்டரும் சிற்றூர்க் கடைகள் வரை கிடைத்தன. 1960ல் கோவையில் தொடங்கிய எல்ஜி நிறுவனம் காற்றழுத்தக் கருவிகளுடன் பட்டறைச் சாதனங்களையும் செய்தது. பல்லடம் சாலையிலும் அவினாசி சாலையிலும் மரத்தடிப் பட்டறைகள் தோன்றின. பத்து, பன்னிரண்டு வயதில் எடுபிடியாகச் சேர்ந்த சிறுவன் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்து, பிறகு பிளக் கழுவி, பிறகு பாயிண்ட் வைத்து, கடைசியாகத்தான் எஞ்சினைத் தொட்டான். படிக்க வேண்டிய வயது அந்த வரிசையில் கழிந்தது. இந்தத் தொழிலின் திறமையைப் புகழ்பவர்கள் இதைச் சொல்லாமல் விடுவது வழக்கம்.

திருப்பூருக்கு இத்தொழிலுடன் இன்னொரு தொடர்பும் உண்டு. பனியன் வெட்டும் மேசையில் விழும் துண்டுத்துணி பனியன் வேஸ்ட் என்ற பெயரில் கிலோ கணக்கில் பட்டறைகளுக்குச் செல்கிறது. எண்ணெய் அளவுக் கோலைத் துடைப்பதும், கிரீஸ் கையைத் துடைப்பதும், கார்புரேட்டர் உறுப்புகளை விரித்துக் காயவைப்பதும் அந்தத் துணியில்தான். நூல் வேஸ்டைவிடப் பனியன் துணி மேல் என்பார்கள். இழை பிரிந்து ஜெட்டை அடைப்பது குறைவு.

கையும் காதும் திருப்புளியும்

அக்காலப் பழுதறிதலின் அடிப்படைச் சோதனை எளிமையானது. எஞ்சினை ஓடவிட்டு, மரக்கைப்பிடி போட்ட திருப்புளியால் ஒவ்வொரு பிளக்கின் முனையையும் எஞ்சின் உடலோடு தொடுத்து அந்தப் பொறியை அணைப்பார்கள். நல்ல சிலிண்டர் என்றால் சத்தம் உடனே தாழும், எஞ்சின் தள்ளாடும். அணைத்தும் சத்தத்தில் மாற்றமில்லையென்றால் அந்தச் சிலிண்டர் முன்பே செத்தது. நான்கு தொடுகையில் குற்றவாளி சிக்கிவிடும். டீசல் வண்டியில் இதே வேலையை இன்ஜெக்டர் குழாயின் நட்டைச் சற்றே தளர்த்திச் செய்தனர்.

அடுத்து அந்த பிளக்கைக் கழற்றி நிறம் பார்ப்பார்கள். இளம்பழுப்பு என்றால் எரிதல் நலம். உலர்ந்த கரும்புகை படிந்திருந்தால் பெட்ரோல் மிகை. வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, எஞ்சின் சூடேறுகிறது. ஈரமாகப் பளபளத்தால் எண்ணெய் மேலேறுகிறது, ரிங் தேய்ந்திருக்கிறது. பிறகு அந்த பிளக்கை அடுத்த சிலிண்டரில் மாட்டுவார்கள். பழுது பிளக்கோடு நகர்ந்தால் பிளக்கை மாற்றினால் போதும். பழைய சிலிண்டரிலேயே நின்றால் வயர், டிஸ்டிரிபியூட்டர் மூடி, வால்வு என்று உள்ளே போக வேண்டும்.

அம்பாசிடரின் பாயிண்ட் இடைவெளி ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டர். தேய்ந்தோ கருகியோ அது மாறினால் காயில் நிறைவதற்கு நேரம் போதாமல் வேகத்தில் எஞ்சின் உதறும். கண்டென்சர் கெட்டால் பாயிண்ட் சில நாளில் கருகும். புதுப் பாயிண்ட் போட்டும் திரும்பத் திரும்ப மிஸ்ஸிங் வருகிறது என்றால் அனுபவசாலி பாயிண்டைப் பார்க்கமாட்டார். சில ரூபாய் பெறும் கண்டென்சரை மாற்றுவார்.

கோடையில் இன்னொரு தொல்லை இருந்தது. எஞ்சினின் பக்கத்தில் பொருத்தப்பட்ட பெட்ரோல் பம்ப் சூடாகி உள்ளேயே பெட்ரோல் ஆவியாகிவிடும். பம்ப் திரவத்துக்குப் பதில் ஆவியை இழுக்கும். வண்டி உதறி நிற்கும். அரைமணி நேரம் ஆறினால் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பும். ஓட்டுநர்கள் பம்பின் மேல் ஈரத்துணியைச் சுற்றி, வழியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போனார்கள்.

ஏற்றுமதிக் காலத்து வண்டிகள்

1970களின் இறுதியில் திருப்பூர் பனியன் ஐரோப்பாவுக்கு நேரடியாகச் செல்லத் தொடங்கியது. 1990ல் திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கம் அமைந்தது. பின்னலாடைத் தொழில் ஒரே கூரைக்குக் கீழ் நடப்பதல்ல. நிட்டிங், சாயம், காம்பாக்டிங், பிரிண்டிங், தையல், செக்கிங் என ஒவ்வொன்றும் ஒவ்வொரு இடத்தில். துணி ஆடையாகுமுன் ஊருக்குள் பலமுறை வண்டியேறி இறங்குகிறது. கப்பல் தேதிக்குள் தூத்துக்குடிக்கோ கொச்சிக்கோ சரக்கு போயாக வேண்டும். தவறினால் விமானத்தில் அனுப்பும் செலவு ஏற்றுமதியாளர் தலையில் விழும். சாயப்பட்டறை வாசலில் துணி ரோல் ஏற்றிய வண்டி உதறி நின்றால் தையல் மேசையில் ஆட்கள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். பீஸ் ரேட் தொழிலாளிக்கு அந்த நேரத்துக்குக் கூலி இல்லை. திருப்பூர் மெக்கானிக்குகளிடம் வாடிக்கையாளர் கேட்கும் முதல் கேள்வி எவ்வளவு ஆகும் என்பதல்ல, எப்போது ஆகும் என்பது.

மாருதி ஆம்னி 1984ல் வந்தது. 2005ல் வந்த டாடா ஏஸ் குட்டி யானை என்ற பெயரோடு ஊரின் சந்துகளில் நுழைந்தது. அதன் முதல் எஞ்சின் 702 சி.சி. அளவுள்ள இரண்டு சிலிண்டர் டீசல். இரண்டே சிலிண்டர் என்பதால் நல்ல நிலையிலும் அது குலுங்கும். எது பிறவிக் குலுக்கல், எது மவுண்டிங் போனதால் வந்த குலுக்கல் என்று பிரிப்பது தனி அனுபவம். அளவுக்கு மேல் துணி ஏற்றி மேட்டில் கிளட்சைப் பாதி மிதித்தபடியே இழுப்பதால் கிளட்ச் பிளேட் கன்றி உதறுவது இவ்வண்டிகளில் சாதாரணம்.

கணினி வந்த பின்

2000ஆம் ஆண்டில் புகை விதிகள் கடுமையானபோது கார்புரேட்டர் மறைந்து மின்னணுக் கட்டுப்பாட்டு எரிபொருள் தெளிப்பு வந்தது. பட்டறைகளில் எம்.பி.எஃப்.ஐ. என்பார்கள். பாரத் ஸ்டேஜ் 4 வண்டிகளில் தன்னைத்தானே சோதிக்கும் அமைப்பு 2010 ஏப்ரலிலும், அதன் விரிவான இரண்டாம் கட்டம் 2013 ஏப்ரலிலும் கட்டாயமாயின. ஸ்டியரிங்கின் கீழே ஒரு செருகுவாய். அதில் ஸ்கேனரை மாட்டினால் பழுதுக் குறி கிடைக்கும். பி0300 என்றால் பல சிலிண்டர்களில் மிஸ்ஸிங், பி0303 என்றால் மூன்றாம் சிலிண்டரில்.

கணினி இதைக் கண்டுபிடிக்கும் முறை வியப்பானது. அது பொறியைப் பார்ப்பதில்லை. கிராங்க் ஷாஃப்டின் சுழற்சியை ஒரு உணரி அளக்கிறது. ஒவ்வொரு சிலிண்டரும் எரியும்போது கிராங்க் நுண்ணளவு விரைகிறது. எரியாதபோது தயங்குகிறது. அந்தத் தயக்கத்தின் நேரத்தைக் கொண்டு எந்தச் சிலிண்டர் என்று கணக்கிடுகிறது. திருப்புளி பிடித்த மெக்கானிக் காதால் கேட்டது இதே தயக்கத்தைத்தான்.

ஆனால் பழைய முறைகள் புதிய வண்டியில் கேடாக முடிந்தன. ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் தனித்தனிக் காயில் உள்ள எஞ்சினில், ஓடும்போது காயிலைப் பிடுங்கினால் போக வழியற்ற உயர் மின்னழுத்தம் மின்னணுச் சுற்றைக் கெடுக்கக்கூடும். எரியாத பெட்ரோல் புகைக்குழாயில் உள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டரில் போய் எரிந்து அதை உருக்கிவிடும். எஞ்சின் விளக்கு மின்னி மின்னி எரிவது இந்த ஆபத்தின் அறிவிப்பு. சில நூறு ரூபாய் பிளக்கில் தொடங்கிய உதறல் பல ஆயிரம் ரூபாய்ச் செலவாக முடிவது இப்படித்தான். டீசலில் இன்னும் மோசம். காமன் ரெயில் எஞ்சினின் குழாயில் ஆயிரம் பாருக்கு மேற்பட்ட அழுத்தம் உண்டு. பழைய பழக்கத்தில் நட்டைத் தளர்த்தினால் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே செல்லும். காயம் ஊசி குத்தியதுபோல் சிறிதாகத் தெரியும். உள்ளே தசை அழுகும். அறுவை சிகிச்சை தாமதித்தால் விரலோ கையோ போகும்.

2014 முதல் பரவிய தானியங்கி கியர் வண்டிகளில் கிளட்சைக் கணினியே இயக்குவதால் உதறலுக்குப் புதிய இடமொன்று கிடைத்தது. 2023 முதல் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் பரவியபோது, எத்தனால் ஈரத்தை இழுக்கும் தன்மை உடையது என்பதால், நெடுநாள் நிறுத்தி எடுக்கும் பழைய வண்டிகளில் எரிபொருள் பக்கத்தையும் முதலிலேயே பார்க்க வேண்டியதாயிற்று.

ஸ்கேனர் யாருக்கு

புதிய வண்டிகளின் சிக்கல் மெக்கானிக்கின் அறியாமை மட்டுமல்ல. பொதுக் குறிகளை எந்த மலிவான ஸ்கேனரும் படிக்கும். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் உரிய தனிக் குறிகள், கியர்பெட்டிக் கணினியை மறுஅமைப்பு செய்யும் மென்பொருள், பழுதுநீக்கக் கையேடு ஆகியவை நிறுவனத்தின் சொந்தச் சேவை மையங்களுக்கு மட்டுமே கிடைத்தன. மரத்தடிப் பட்டறைக்காரர் பழுதைக் கண்டுபிடித்தாலும் புது உறுப்பை வண்டியின் கணினிக்கு அறிமுகப்படுத்த முடியாமல் நின்றார்.

இது வழக்காகி இந்தியப் போட்டி ஆணையத்துக்குச் சென்றது. 2014 ஆகஸ்ட் 25 அன்று ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிப்பாகங்களையும் பழுதறி கருவிகளையும் தனிப்பட்டறைகளுக்குக் கிடைக்காமல் செய்தது போட்டிச் சட்டத்துக்கு எதிரானது என்பது தீர்ப்பு. நிறுவனங்கள் மேல்முறையீடு செய்தன. 2016ல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதன்முன் வந்த வழக்குகளில் குற்றத்தை உறுதிசெய்து அபராதத்தைக் குறைத்தது. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுநீக்கும் உரிமை குறித்துக் குழு அமைத்தது. அதன் வரம்பில் வேளாண் கருவிகள், கைபேசிகளுடன் வாகனங்களும் இடம்பெற்றன.

திருப்பூர், கோவைப் பட்டறைகளில் இரண்டு முறைகளும் இன்று கலந்தே வழங்குகின்றன. ஸ்கேனர் பி0303 என்று காட்டினால் மெக்கானிக் உடனே புதுக் காயில் வாங்குவதில்லை. எஞ்சினை அணைத்து, மூன்றாம் சிலிண்டரின் காயிலைக் கழற்றி இரண்டாம் சிலிண்டரில் மாட்டி, குறியை அழித்துவிட்டு, வண்டியை மேட்டுச் சாலையில் டாப் கியரில் அழுத்தி ஓட்டிவருகிறார். திரும்பி வந்து பார்க்கும்போது பி0302 என்று வந்தால் காயில் போயிற்று. பி0303 என்றே நின்றால் பிளக்கைக் கழற்றிப் பனியன் துணியில் வைத்து நிறம் பார்க்கிறார்.